கோரிக்கைப் பட்டியலை எழுதுவது யார்? வர்ஜீனியாவின் கவுண்டி ஆட்சிகளும் மாநில அரசும்

(உள்ளாட்சி அரங்கில் பணியாற்றும் தோழர்களுக்கான கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அமெரிக்காவின் உள்ளாட்சிகள் தம் மாநில அரசிடம் எதைக் கேட்பது, எதை முதலில் கேட்பது என்பதை எவ்வாறு முடிவு செய்கின்றன என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். வார்டில் குடிநீருக்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் அன்றாடம் மல்லுக்கு நிற்கும் தோழர்கள், ஏகாதிபத்திய நாட்டின் உள்ளாட்சி நிர்வாகம் நமக்கு எதற்கு என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒரு செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகின் மிகப் பெரிய முதலாளித்துவ நாட்டில், அதன் தலைநகரான வாஷிங்டனை ஒட்டியே அமைந்த செல்வ வளம் மிக்க வட்டாரத்தில், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி ஒன்று தன் ஊழியர்களின் சங்கத்தோடு அமர்ந்து பேசி ஒப்பந்தம் செய்துகொள்ள 44 ஆண்டுகள் உரிமையற்று இருந்தது. அந்த உள்ளாட்சி பேச மறுக்கவில்லை, பேசியது. பேசியது தவறு என்று மாநில அரசுதான் வழக்குத் தொடுத்தது. அந்த வரலாற்றுக்குப் பின்னர் வருகிறேன்.

கவுண்டி என்பது நம் மாவட்டத்துக்கு ஓரளவு இணையான அமைப்பு. அமெரிக்கா முழுவதும் சுமார் 3,000 கவுண்டி ஆட்சிகள் உள்ளன. நம் மாவட்டத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. அங்கே மேலிருந்து அனுப்பப்படும் ஆட்சியர் இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் ஆள்கிறது. வர்ஜீனியா மாநிலத்தில் 95 கவுண்டிகளும், கவுண்டிக்குள் அடங்காத 38 தனி நகரங்களும் உண்டு. அவற்றில் மக்கள்தொகை மிகுந்தது ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி. 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அதன் மேற்பார்வையாளர் வாரியத்தில் பத்துப் பேர். தலைவரைக் கவுண்டி மக்கள் அனைவரும், ஏனைய ஒன்பது பேரை அந்தந்தத் தொகுதி மக்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். காவல், தீயணைப்பு, நூலகம், பூங்கா, சமூகநலச் சேவை, பள்ளிகளுக்கான நிதி ஆகியவை அந்த வாரியத்தின் பொறுப்பு.

இவ்வளவு பொறுப்புகளை ஏற்றிருக்கும் வாரியத்துக்குச் சொந்த அதிகாரம் என்று எதுவும் இல்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய முதல் முரண்பாடு. அமெரிக்க அரசியல் சட்டத்தில் உள்ளாட்சி என்ற சொல்லே இடம்பெறவில்லை. 1868-ல் அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் அளித்த தீர்ப்பு ஒன்று, உள்ளாட்சிகள் மாநிலச் சட்டமன்றத்தால் பிறந்தவை, அது கொடுத்தால் அதிகாரம் உண்டு, கொடாவிட்டால் இல்லை என்று வரையறுத்தது. ஐயம் எழுந்தால் அதிகாரம் இல்லை என்றே கொள்ள வேண்டும் என்பதும் அவ்விதியின் பகுதி. 'டில்லன் விதி' என்று வழங்கும் இதை வர்ஜீனியா நீதிமன்றங்கள் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கின்றன. ரயில் கம்பெனிகளை வரவழைக்க ஊர்கள் போட்டி போட்டுக் கடன் வாங்கிக் கொட்டிக் கொடுத்த காலம் அது. அந்த ஊதாரித்தனத்தைக் கட்டுப்படுத்துவது டில்லனின் நோக்கங்களில் ஒன்று. அந்த நீதிபதியே பின்னாளில் நியூயார்க்குக்குச் சென்று யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியின் வழக்கறிஞரானார் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சொந்த அதிகாரம் இல்லாதவன் கேட்டுப் பெற வேண்டும். எனவே கவுண்டிகள் மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் லாபி செய்கின்றன. லாபி என்றவுடன் எண்ணெய்க் கம்பெனியின் தரகரும் ஆயுத வியாபாரியும் நம் கண்முன் வருவார்கள். ஆனால் அமெரிக்காவில் ஓர் அரசு இன்னோர் அரசிடம் லாபி செய்வது அன்றாட நடைமுறை. கவுண்டி தன் சொந்த அலுவலர்களை அதற்கென்றே ஊதியம் கொடுத்து வைத்திருக்கிறது. எல்லாக் கவுண்டிகளுக்கும் பொதுவாக மாநில அளவில் ஒரு சங்கமும் இருக்கிறது.

ஃபேர்ஃபாக்ஸில் இது நடைபெறும் முறையைச் சற்று விரிவாகவே பார்ப்போம், ஏனெனில் விஷயமே முறையில்தான் ஒளிந்திருக்கிறது. வர்ஜீனியா சட்டமன்றம் ஆண்டுதோறும் ஜனவரி மாத இரண்டாம் புதன்கிழமை கூடுகிறது. இரட்டைப்படை ஆண்டுகளில் 60 நாட்கள். ஒற்றைப்படை ஆண்டுகளில் 30 நாட்கள், அதை வழக்கமாக 46 நாட்களாக நீட்டுகிறார்கள். அவ்வளவுதான். இந்தக் குறுகிய காலத்தில் ஆயிரக்கணக்கான மசோதாக்கள் வந்து விழுகின்றன. ஆதலால் கவுண்டியின் தயாரிப்பு முந்தைய ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறது. எந்த மாநிலச் சட்டம் உங்கள் வேலைக்கு இடையூறு, எந்த நிதி போதவில்லை, எந்த அதிகாரம் தேவை என்று துறைகளிடம் கேட்கப்படுகிறது. வந்தவற்றை அலுவலர்கள் தொகுக்கிறார்கள். வாரியத்தின் சட்டமன்ற விவகாரக் குழு அவற்றை விவாதிக்கிறது. டிசம்பரில் வாரியம் பட்டியலை ஏற்கிறது. கவுண்டி தானே கொண்டுவர விரும்பும் சட்டத் திருத்தங்கள் சில, முன்னுரிமைகள் சில, நீண்டகால நிலைப்பாடுகள் பல, சமூகநலச் சேவைகளுக்கென்று தனியாக ஓர் அறிக்கை என்று அது அமைகிறது. கவுண்டியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களிடம் அதை ஒப்படைக்கிறார்கள். அந்த உறுப்பினர்களும், கூட்டத்தொடருக்கு முன்பாகப் பொதுமக்களை அழைத்துக் கருத்துக் கேட்கிறார்கள். பெயர் பதிவு செய்தவருக்குச் சில நிமிடங்கள் பேச வாய்ப்புண்டு.

கூட்டத்தொடர் தொடங்கியபின் மசோதாக்கள் சம்பந்தப்பட்ட துறைகளுக்கு அனுப்பப்படுகின்றன. துறை ஒரு குறிப்பு எழுதி அனுப்புகிறது. குழு அடிக்கடி கூடி ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை குத்துகிறது: ஆதரவு, எதிர்ப்பு, திருத்தம் தேவை, கவனித்து வருக. இந்தக் கடைசி முத்திரையைத்தான் நான் மிகவும் கூர்ந்து பார்க்கிறேன். ஆதரித்தால் ஒரு தரப்பும் எதிர்த்தால் மறுதரப்பும் கோபிக்கும் என்றிருக்கும்போது 'கவனித்து வருக' என்பது எவ்வளவு வசதியான சொல்! நம்மூர்க் கோப்புகளில் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதுவதற்கு அது தூரத்து உறவு.

இந்த முறையில் நல்ல அம்சங்கள் உண்டு, அவற்றை மறைப்பது நமக்கு அழகல்ல. பட்டியல் எழுத்தில் இருக்கிறது. வாரியத்தில் வாக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். நம் நாட்டில் மாநகராட்சி தன் மாநில அரசிடம் என்ன கேட்டது என்பது மேயருக்கும் துறைச் செயலருக்கும் மட்டுமே தெரிந்த இரகசியமாக இருப்பதை நாம் அறிவோம். ஆனால் பட்டியல் பிறக்கும் இடத்தைப் பாருங்கள். அது துறைகளிடமிருந்து பிறக்கிறது. துறையிடம் கேட்கப்படும் கேள்வி, இந்தச் சட்டம் வந்தால் நமக்கு எவ்வளவு செலவு என்பது. அதாவது கவுண்டி ஒரு நிர்வாகமாகவும், வரி வசூலிப்பவராகவும், முதலாளியாகவும் சிந்தித்த பிறகே மக்கள் பிரதிநிதியாகச் சிந்திக்கிறது. குப்பை அள்ளுபவருக்கும் பள்ளிப் பேருந்து ஓட்டுபவருக்கும் தனித் துறை இல்லை. அவர்களைப் பற்றிக் குறிப்பு எழுதுபவர் அவர்களுடைய மேலாளர்.

முன்னுரிமைகளில் ஆண்டுதோறும் தலைமை இடம் பெறுவது பள்ளிக் கல்விக்கான நிதி. அதற்குக் காரணம் இருக்கிறது. வர்ஜீனியாவில் ஒரு பள்ளியின் அடிப்படைச் செலவு எவ்வளவு என்று மாநிலம் ஒரு சூத்திரப்படி கணக்கிட்டு, வட்டாரத்தின் வசதியைப் பொறுத்து அதைத் தனக்கும் உள்ளாட்சிக்கும் பங்கிடுகிறது. ஃபேர்ஃபாக்ஸ் வசதியான வட்டாரம் என்பதால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அதுவே ஏற்க வேண்டும். வசதியுள்ள வட்டாரம் கூடுதலாக ஏற்பது நியாயம்தான். அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. சூது வேறிடத்தில் இருக்கிறது. அந்த அடிப்படைச் செலவையே மாநிலம் குறைத்துக் கணக்கிடுகிறது. 2008 நிதி நெருக்கடிக்குப் பின், பள்ளிகளின் துணைப் பணியாளர்களில் எத்தனை பேருக்கு மாநிலம் பணம் தரும் என்பதற்கு ஓர் உச்சவரம்பு கொண்டுவரப்பட்டது. நெருக்கடி தீர்ந்த பின்னும் பல ஆண்டுகள் அது நீடித்தது. மாநிலச் சட்டமன்றத்தின் தணிக்கை ஆய்வு அமைப்பே 2023-ல் வெளியிட்ட அறிக்கையில், வர்ஜீனியாவின் பள்ளிகள் 50 மாநிலங்களின் சராசரியைவிட மாணவர் ஒருவருக்கு 14 விழுக்காடு, அதாவது சுமார் 1,900 டாலர், குறைவாகப் பெறுகின்றன என்று ஒப்புக்கொண்டது.

குறைந்த தொகையை நிரப்புவது யார்? கவுண்டியின் பொது நிதியில் பாதிக்கும் மேல் பள்ளிகளுக்குப் போகிறது. அந்தப் பொது நிதியில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வீடு, நிலங்களின் மீதான வரியிலிருந்து வருகிறது. வாடகைக்குக் குடியிருப்பவர் இந்த வரியிலிருந்து தப்பிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். வாடகையில் அது ஒளிந்திருக்கிறது. மாநில வருமான வரியையோ பாருங்கள். ஆண்டுக்கு 17,000 டாலருக்கு மேற்பட்ட வருமானம் அனைத்துக்கும் ஒரே விகிதம், 5.75 விழுக்காடு. உணவகத்தில் தட்டுக் கழுவுபவரின் 17,001-ஆவது டாலருக்கும், ராணுவத் தளவாட ஒப்பந்தக் கம்பெனியின் தலைமை அதிகாரி ஈட்டும் பத்து லட்சமாவது டாலருக்கும் விகிதம் ஒன்றே. இத்தகைய முன்னுரிமைப் பட்டியல்கள் பொதுவாக 'மாநிலம் தன் பங்கை முழுமையாகத் தர வேண்டும்' என்பதோடு நின்றுகொள்கின்றன. யாரிடம் வசூலித்துத் தர வேண்டும் என்ற கேள்விக்கு வந்ததும் குரல் தாழ்ந்துவிடுகிறது. பக்கத்துக் கவுண்டியான லவுடனில் கணினித் தரவு மையங்கள் வரிசை வரிசையாக எழுந்து நிற்கின்றன. அவற்றின் இயந்திரங்கள் மீதான வரி கவுண்டியின் கருவூலத்தைப் பெருமளவு தாங்குகிறது. அந்தக் கம்பெனிகளுக்கு மாநிலம் விற்பனை வரி விலக்கு அளித்திருக்கிறது. தன் வருவாய்க்கு அவர்களை நம்பியிருக்கும் ஒரு கவுண்டி, அந்த விலக்கை நீக்கு என்று எவ்வளவு உரக்கக் கேட்டுவிட முடியும்?

இப்போது தொடக்கத்தில் சொன்ன வரலாற்றுக்கு வருகிறேன். 1946-ல் வர்ஜீனியா சட்டமன்றம், அரசு ஊழியர் சங்கங்களை அங்கீகரிப்பதும் அவற்றோடு பேரம் பேசுவதும் மாநிலத்தின் கொள்கைக்கு முரணானது என்று தீர்மானம் இயற்றியது. வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் கறுப்பினத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், சங்கம் அமைத்ததைத் தொடர்ந்து வந்த தீர்மானம் அது. நிறவெறியும் சங்க எதிர்ப்பும் அங்கே எப்போதும் ஒரே வண்டியில் பூட்டப்பட்ட இரு மாடுகள். அதே ஆண்டில் வேலைநிறுத்தத் தடையும் சட்டமாயிற்று: வேலைநிறுத்தம் செய்யும் அரசு ஊழியர் தம் வேலையை இழந்தவராகக் கருதப்படுவார்.

இதையும் மீறி 1970-களில் ஆர்லிங்டன் கவுண்டி வாரியமும் அதன் பள்ளி வாரியமும் ஊழியர் சங்கங்களோடு பேச்சுவார்த்தை நடத்தி ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. மாநில அரசு வழக்குத் தொடுத்தது. 1977-ல் மாநில உச்ச நீதிமன்றம், ஊழியர்களோடு கூட்டுப் பேரம் பேசும் அதிகாரத்தைச் சட்டமன்றம் கவுண்டிக்கு வெளிப்படையாக வழங்கவில்லை, எனவே டில்லன் விதிப்படி அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தங்கள் செல்லாமற் போயின. ஆசிரியரை நியமிக்கலாம், ஊதியம் கொடுக்கலாம், நீக்கலாம். ஆனால் அவருடைய சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மட்டும் அதிகாரம் இல்லை! 1993-ல் இந்தத் தடை நேரடியாகவே சட்டப் புத்தகத்தில் ஏறியது.

2020-ல் சட்டமன்றத்தில் பெரும்பான்மை மாறியபின் தடை தளர்ந்தது. 2021 மே 1 முதல், உள்ளாட்சி விரும்பித் தனித் தீர்மானம் நிறைவேற்றினால் கூட்டுப் பேரத்தை அனுமதிக்கலாம் என்றாயிற்று. ஊழியரில் பெரும்பான்மையினர் கோரினால், 120 நாட்களுக்குள் வாரியம் அதைப் பற்றி வாக்கெடுக்க வேண்டும்; ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலைநிறுத்தத் தடை அப்படியே நீடித்தது. ஆர்லிங்டனும் ஃபேர்ஃபாக்ஸும் லவுடனும் 2021-லேயே தீர்மானம் நிறைவேற்றின. இது தானாக நடந்ததன்று. தீயணைப்புப் படையினரும் ஆசிரியரும் நூலக ஊழியரும் ஆண்டுக்கணக்கில் வாரியக் கூட்டங்களை நிரப்பியதன் விளைவு. ஆனால் மாநிலத்தின் மிகப் பெரும்பாலான கவுண்டிகள் அசையவில்லை. அங்குள்ள ஊழியருக்குச் சட்டம் மாறியதாகவே தெரியாது.

ஆதலால் 2025-ல் இந்த உரிமையை எல்லா அரசு ஊழியருக்கும் பொதுவாக்கும் மசோதா வந்தது. இரு அவைகளும் நிறைவேற்றின. ஆளுநர் யங்கின் தம் மறுப்பாணையால் அதை வீழ்த்தினார். 15 டாலர் குறைந்தபட்சக் கூலிக்கும் 2024-லும் 2025-லும் அவர் கையால் இதே கதிதான். தோழர்களே, ஆளுநரை நாம் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். அவர் கார்லைல் என்னும் முதலீட்டுக் கம்பெனியின் தலைமையிலிருந்து வந்தவர். கவனிக்க வேண்டியது கவுண்டிகளின் சங்கத்தை. கூட்டுப் பேரத்தைக் கட்டாயமாக்குவதை அதுவும் எதிர்த்தது. அதன் வாதம் என்ன? இது உள்ளாட்சிகளின் சுய முடிவுக்கு விடப்பட வேண்டிய விஷயம் என்பது!

1977-ல் ஒரு கவுண்டி தன் ஊழியரோடு பேச விரும்பியபோது, உள்ளாட்சிக்குச் சுய அதிகாரம் இல்லை என்று சொல்லித் தொழிலாளியின் வாயை மூடினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, மாநிலம் தொழிலாளிக்கு உரிமை கொடுக்க முன்வந்தபோது, உள்ளாட்சியின் சுய அதிகாரத்தில் கை வைக்காதே என்று சொல்லி அதே வாயை மூடுகிறார்கள். அதிகாரப் பரவலாக்கல் என்ற கோரிக்கையை நாம் உறுதியாக ஆதரிப்பவர்கள். ஆனால் அது வர்க்கச் சார்பற்ற புனிதப் பொருள் என்று எண்ணினால் இத்தகைய இடங்களில் தடுமாறிப் போவோம். அதிகாரம் எந்த மட்டத்துக்கு வருகிறது என்பதோடு, அங்கே அதை யார் கையாள்கிறார், யாருக்கு எதிராகக் கையாள்கிறார் என்றும் கேட்க வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டெக்சாஸில் வலதுசாரிகள், உள்ளாட்சிகள் பொதுப் பணத்தில் லாபி செய்வதையே தடை செய்ய மீண்டும் மீண்டும் முயல்கிறார்கள். 2019-ல் செனட்டில் நிறைவேறிய அத்தகைய மசோதா, கீழவையில் தோற்றது. வரிப்பணத்தைக் காப்பாற்றுவது நோக்கம் என்கிறார்கள். கம்பெனிகளின் லாபிக்கோ எந்தத் தடையும் இல்லை. 2023-ல் அதே மாநிலம் இயற்றிய சட்டம் ஒன்று, மாநிலச் சட்டம் இயங்கும் பல துறைகளில் உள்ளாட்சிகள் மேலதிகமாக விதி செய்வதைத் தடுக்கிறது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் இளைப்பாறவும் தண்ணீர் குடிக்கவும் ஆஸ்டின், டல்லாஸ் நகரங்கள் வழங்கியிருந்த உரிமைக்கு அது குறிவைத்தது. டெக்சாஸ் வெயிலில் பத்து நிமிடம்! ஆகவே கவுண்டி லாபி குறைபாடுடையது என்று நாம் விமர்சிக்கும்போது, அதையும் பறிக்க நினைப்பவர்களின் வரிசையில் நாம் நிற்கவில்லை என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சிக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுத்தன. அந்த வகையில் அமெரிக்காவைவிட நாம் ஒரு படி மேலே. ஆனால் 29 துறைகளின் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் ஊராட்சிகளுக்கு 'வழங்கலாம்' என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த 'லாம்' நம்முடைய டில்லன் விதி. பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஐந்தாண்டுகள் முழுதும் தேர்தல் இன்றிக் கழிந்தன. மும்பையில் 2022 மார்ச்சில் மன்றம் முடிந்து மூன்றாண்டுகளுக்கு மேல் நிர்வாக அதிகாரியின் ஆட்சி. மன்றமே இல்லாத ஊரில் கோரிக்கைப் பட்டியலை யார் எழுதுவது? ஆணையர் எழுதினார், ஒப்பந்ததாரர் வாசித்துப் பார்த்தார். பதினைந்தாவது நிதிக்குழு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. இரண்டும் அவசியமானவைதாம், ஆனால் தேவை எது என்று தில்லியில் தீர்மானித்துவிட்டால், கிராம சபையில் எதைப் பேசுவது?

மாறாக, 1996 ஆகஸ்டில் கேரளத்தில் இடது முன்னணி அரசு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளின் முடிவுக்கு விட்டது. அங்கே வரிசை தலைகீழானது: முதலில் கிராம சபையில் மக்கள் தேவையைச் சொன்னார்கள், பிறகு அலுவலர்கள் மதிப்பீடு தயாரித்தார்கள். ஃபேர்ஃபாக்ஸில் துறை எழுதியதன் மீது இறுதிக் கட்டத்தில் மக்கள் சில நிமிடங்கள் பேசுகிறார்கள். வேறுபாடு இந்த வரிசையில் இருக்கிறது.

நடைமுறைக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அரசியல் சட்டத்தின் 243-ஐ பிரிவின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதிக்குழு அமைக்கப்பட வேண்டும். பல மாநிலங்கள் இழுத்தடிக்கின்றன. குழு அமைந்ததும் உள்ளாட்சிகளிடம் மனுக் கேட்பார்கள். அப்போது நம் தோழர்கள் பொறுப்பில் உள்ள மன்றங்கள், செயல் அலுவலர் தயாரித்த வரைவில் கையெழுத்திட்டு அனுப்பிவிட வேண்டாம். வரைவு எழுதுமுன் தூய்மைப் பணியாளர்கள், குடிநீர்த் தொட்டி இயக்குபவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் ஆகியோரின் சங்கங்களை அழைத்து ஒரு நாள் முழுவதும் கேளுங்கள். மும்பையில் 2,700 ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் நிரந்தரமாவதற்கு 2017-ல் உச்ச நீதிமன்றம் வரை வழக்காட வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பில் நின்றது மாநகராட்சிதான். நம் மன்றத்தின் மனுவில், எத்தனை பேர் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள், அவர்களை நிரந்தரமாக்க ஆண்டுக்கு எவ்வளவு தேவை, அதை எந்த வரியிலிருந்து மாநிலம் தர வேண்டும் என்ற மூன்று எண்ணிக்கைகளும் சாலை மதிப்பீட்டுக்கு முன்பாக, முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.